சடங்கு வீடியோவுக்கு மிரர்லெஸ்: பிக்செல் கணக்கை விட்டு உடல் அமைப்பும் லென்ஸும் கதைப்பம்

கொக்குவில் 25பி

மிரர்லெஸ் (உள்ளுக்கை கண்ணாடி இல்லாத) கமரா உடல் ஒண்டும் இரண்டு லென்ஸும் எடுக்க வேணும். வேலை கல்யாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா. உள்ளுக்கை எல்ஈடி வெளிச்சம், வெளியிலை உச்சி வெயில், இடையிலை கிம்பல் (ஆட்டம் தாங்குற மோட்டர்ப் பிடி). மணவறையிலை ஐயர் பூசை தொடங்கினால் மூன்று மணித்தியாலம் நிப்பாட்டாமல் பதிவாக வேணும்.

பார்த்து வைச்சிருக்கிறது மூன்று: சோனி ஏ7 மார்க் 4, சோனி எஃப்எக்ஸ்30, பனசோனிக் எஸ்5 மார்க் 2. விமர்சனம் எல்லாத்திலையும் மெகாபிக்செலும் கூர்மையும்தான் அளக்கினம். எச்டிஎம்ஐ துளை எந்தப் பக்கம், திரை விரிச்சால் மைக் வயர் முட்டுமோ, வெக்கையிலை எவ்வளவு நேரம் நிக்கும் எண்டு ஒருத்தரும் எழுதுறேல்லை. வேலை கெடுறது அந்த இடங்களிலைதான். அதைக் கதைப்பம்.

வட்டுக்கோட்டைக் கண்

தம்பி, வெக்கையிலை இருந்து தொடங்குங்கோ.

உடலுக்குள்ளை சூடு வாற இடம் மூன்று: சென்சர், புரொசெசர், பற்றரி. பழைய காலத்துக் கமராவிலை சென்சர் உலோகச் சட்டத்தோடை இறுக்கிப் பூட்டியிருக்கும், சூடு நேரே வெளிக்கூட்டுக்குப் போகும். இப்ப உடலுக்குள்ளேயே அதிர்வு தாங்குற அமைப்பு வந்தாப்பிறகு சென்சர் காந்தத்திலை மிதக்குது. மிதக்கிற பொருளிலை இருந்து சூட்டை எடுக்கிறது கஷ்டம். அதாலைதான் விசிறி இல்லாத முழுச்சட்டக் கமரா (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சர்) நீண்ட பதிவிலை திணறுது. கனன் ஆர்5 2020இலை வரேக்கை 8கே பதிவு வெக்கையாலை நிக்குது எண்ட கதை உலகம் முழுக்கப் போச்சு. 2022இலை அதே சென்சரை விசிறியோடை ஆர்5சி எண்டு விட்டாங்கள்.

கொம்பனிகள் சொல்லுற நேரக் கணக்கு பெரும்பாலும் 23, 25 பாகை அறையிலை அளந்தது. எங்கட பந்தலுக்குள்ளை தகரக் கூரையின்ரை கீழ் மத்தியானம் 34, 35 வரும். அந்தக் கணக்கை அப்பிடியே நம்ப ஏலாது.

விசிறி இல்லாத சோனி எடுத்தால் செய்ய வேண்டியது:

மெனுவிலை தானாக அணையும் வெப்பநிலை எண்ட செற்றிங் ஆரம்பத்திலை சாதாரணத்திலை இருக்கும். அதை உயர்வுக்கு மாத்துங்கோ. இதை மாத்தாமல் விட்டிட்டு கமரா சூடாகி நிக்குது எண்டு சொல்லுற ஆக்கள்தான் கனபேர்.

திரையை உடலிலை ஒட்டி மூடி வைக்காதேங்கோ. வெளியிலை விரிச்சு விட்டால் பின்கூட்டாலை காத்துப் படும்.

உள்பற்றரிக்குப் பதிலாக டம்மி பற்றரி போட்டு வெளியிலை இருந்து மின்சாரம் குடுங்கோ. பற்றரி தாற சூடு உடலுக்குள்ளை வராது. யூஎஸ்பி-சியாலை குடுக்கலாம்தான், ஆனால் சோனியிலை அதுக்கும் உள்ளுக்கை பற்றரி ஒண்டு இருக்க வேணும்.

4கே 50பி (செக்கனுக்கு 50 படம்) எல்லாத்துக்கும் வேண்டாம். தாலிகட்டு, நடனம் எண்டால் சரி. மிச்சம் 25பி காணும். சூடும் குறையும், கார்டும் மிஞ்சும்.

என்ரை தெரிவு எஸ்5 மார்க் 2. விசிறி இருக்கு, கண் வைச்சுப் பாக்கிற துளை இருக்கு, முழு அளவு எச்டிஎம்ஐ, இரண்டு எஸ்டி கார்ட் துளை. 2023இலை வந்த இந்த உடலிலைதான் பனசோனிக் முதன்முதலாக முழுச்சட்டத்திலை கட்ட வேறுபாட்டு ஃபோகஸ் (எந்தப் பக்கம் நகர வேணும் எண்டு நேரே கண்டுபிடிக்கிற தானியங்கி முறை) போட்டது. அதுக்கு முந்தின ஜிஎச்5 மாதிரி உடல்களிலை ஆள் அசையாமல் நிக்கேக்கையும் பின்னணி மூச்சு விடுற மாதிரித் துடிக்கும். அந்தக் குறை இதிலை போச்சு.

திருநெல்வேலிச் சந்தி

அண்ணை சொல்லுறதிலை பாதியை ஒத்துக்கொள்ளுறன். மற்றப் பாதி இல்லை.

மூன்று மணித்தியாலம் ஒரே உடலிலை பதிவு செய்யிறது பிழையான திட்டம். விசிறி இருந்தாலும் கார்ட் பழுதாகலாம், ஆரும் ஸ்ராண்டிலை காலை இடறலாம். ஒரு விலை கூடின உடலுக்குப் பதிலாக இரண்டு எஃப்எக்ஸ்30 வாங்குங்கோ. ஒண்டு மணவறைக்கு நேரே ஸ்ராண்டிலை அகலமாக, நிப்பாட்டாமல். மற்றது கையிலை. எஃப்எக்ஸ்30இலும் விசிறி இருக்கு. அந்த விசிறி சென்சர் இருக்கிற அறைக்குள்ளாலை ஊதாது, தனி வாய்க்கால். தூசு சென்சருக்குப் போகும் எண்ட பயம் தேவையில்லை. சென்சர் சின்னன் எண்டதாலை லென்ஸும் சின்னன். சிக்மா 18-50 எஃப் 2.8 முந்நூறு கிராமும் இல்லை, ஃபில்டர் விட்டம் 55 மி.மீ. அதைக் கிம்பலிலை போட்டு ஒரு மணித்தியாலம் பிடிச்சுப் பாத்தால் வித்தியாசம் தோள்மூட்டிலை தெரியும்.

வட்டுக்கோட்டைக் கண்

இரண்டு உடல் எண்ட கருத்து சரி. ஆனால் எஃப்எக்ஸ்30இலை கண் வைச்சுப் பாக்கிற துளை இல்லை. தேர்த் திருவிழாவிலை காலமை ஒன்பது மணி வெயிலிலை, வெள்ளை மணலுக்கு நடுவிலை, பின்திரையிலை என்ன தெரியும்? முகம் கறுப்பாய்த் தெரியுது எண்டு வெளிச்சத்தைக் கூட்டிப்போடுவியள். வீட்டை வந்து பாத்தால் வானமும் வெள்ளை, வேட்டியும் வெள்ளை. வெளியிலை வேலை எண்டால் துளை வேணும், இல்லாட்டி 1000 நிற்றுக்கு (திரைப் பிரகாச அளவு) மேலை பிரகாசமான மொனிற்றர் வேணும். மொனிற்றர் எண்டால் அதுக்கொரு பற்றரி, ஒரு வயர், ஒரு பிடி. சின்ன உடல் எடுத்த நோக்கம் போயிடும்.

இன்னொண்டு. எஃப்எக்ஸ்30இலை இயந்திர ஷட்டர் இல்லை. லென்ஸ் கழட்டினால் சென்சர் வெறுமையாக நிக்கும். ஏ7 மார்க் 4இலை அணைக்கேக்கை ஷட்டர் மூடுற மாதிரி மெனுவிலை வைக்கலாம். கோயில் வெளிவீதி மணலிலை லென்ஸ் மாத்த வேண்டிவந்தால் இது பெரிய விசயம்.

திருநெல்வேலிச் சந்தி

வெளிவீதியிலை லென்ஸ் மாத்தவே கூடாது அண்ணை, ஷட்டர் மூடினாலும். ஒரு ஸூம் போட்டால் போட்டதுதான்.

ஏழாலை எடிட்டர்

நான் படத்தொகுப்பு மேசையிலிருந்து எழுதுகிறேன். எந்த உடல் என்று முடிவெடுக்கும் முன் சென்சர் வாசிப்பு வேகத்தைப் பாருங்கள். சடங்கு வேலையில் இதன் விளைவு பிளாஷ் வெளிச்சத்தில் தெரியும்.

சென்சர் ஒரே கணத்தில் முழுவதும் பதிவதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிகிறது. ஏ7 மார்க் 4 முழுச்சட்ட 4கேயில் இதற்கு ஏறத்தாழ 27 மில்லிசெக்கன் எடுக்கிறது. உங்கள் பட்டியலில் இல்லாத சோனி ஏ7எஸ் மார்க் 3க்கு ஏறத்தாழ 9 மில்லிசெக்கன் போதும்.

25பியில் ஒரு சட்டத்துக்கு (ஒரு தனிப் படத்துக்கு) 40 மில்லிசெக்கன். ஷட்டர் 1/50 என்றால் ஒவ்வொரு வரியும் 20 மில்லிசெக்கன் திறந்திருக்கும். 27 மில்லிசெக்கன் வாசிப்பில் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கணம் ஒன்றுகூட இல்லை. ஆகவே படப்பிடிப்பாளர் அடிக்கும் ஒவ்வொரு பிளாஷும் படத்தின் ஒரு பகுதியில் மட்டும்தான் விழும். தாலி முடிச்சுப் போடும் கணத்தில் மூன்று பேர் பிளாஷ் அடித்தால், மாப்பிள்ளையின் தலைப்பாகை வெள்ளையாகவும் கை இருட்டாகவும் ஒரு சட்டம், அடுத்ததில் மறுதலையாக ஒரு சட்டம் என்று வரும். மங்களகரமான அந்த இரண்டு செக்கனைத் திருத்த அரை நாள் போய்விடும்.

9 மில்லிசெக்கன் வாசிப்பில் 40இல் 11 மில்லிசெக்கன் முழுச் சட்டமும் திறந்திருக்கிறது. இன்னொரு 11 மில்லிசெக்கனில் எந்த வரியும் திறந்திருக்காது, அப்போது அடித்த பிளாஷ் படத்தில் வரவே வராது. மிச்சம் 18இல்தான் பாதிப் பட்டை. முழுச் சட்டமும் வெள்ளையாகும் பிளாஷை மக்கள் பிளாஷ் என்றே பார்ப்பார்கள். பாதிப் பட்டையைப் பிழை என்று பார்ப்பார்கள்.

வேகமான சென்சர் வாங்க முடியாவிட்டால், படப்பிடிப்பாளரோடு முதலே கதைத்து, தாலிகட்டு நேரத்துக்கு உங்கள் எல்ஈடி பனலை அவருக்கும் போதுமான அளவுக்குப் பிரகாசமாக வைத்துக்கொடுங்கள். அவர் பிளாஷ் இல்லாமல் எடுப்பார்.

இரண்டாவது, கூறைச் சேலை. சிவப்புப் பட்டும் மணவறையின் சிவப்பு, ஊதா எல்ஈடியும் சேர்ந்தால் சிவப்பு நிறத் தடம் மட்டும் முன்னதாக நிரம்பிவிடும். ஒளிர்வு வரைபடம் 70 வீதத்தில் இருக்கிறது என்று நம்புவீர்கள். சேலையின் சரிகை வேலைப்பாடு ஏற்கெனவே ஒரே சிவப்புத் தாளாகியிருக்கும். வெளி மொனிற்றரில் மூன்று நிறத்தையும் பிரித்துக் காட்டும் வரைபடத்தைப் போட்டுப் பார்த்து வெளிச்சத்தை வையுங்கள். 10 பிட் பதிவு கட்டாயம். 8 பிட்டில் லோக் (பிறகு நிறம் திருத்துவதற்காக மங்கலாகப் பதியும் முறை) எடுத்து அந்த ஊதாப் பின்னணியைத் திருத்தினால் படிக்கட்டு மாதிரிக் கோடுகள் வரும்.

கொக்குவில் 25பி

அக்கா, அந்தப் பிளாஷ் கணக்கை இவ்வளவு தெளிவாய் எங்கையும் பாக்கேல்லை. எஸ்5 மார்க் 2 அந்தக் கணக்கிலை எங்கை வரும்?

ஏழாலை எடிட்டர்

இருபதுக்குச் சற்று மேல். ஏ7 மார்க் 4ஐவிடக் கொஞ்சம் நல்லம், ஆனால் பிளாஷ் பட்டை வரும். இந்த ஒரு விடயத்தில் உங்கள் பட்டியலில் உள்ள மூன்றும் ஏ7எஸ் மார்க் 3க்குக் கிட்ட வராது.

குருநகர் கடற்காற்று

மவுண்டை (உடலிலை லென்ஸ் பூட்டுற வாய்) ஒருத்தரும் தொடேல்லை. உடல் நாலு வருசத்திலை மாறும், மவுண்ட் இருபது வருசம் கூட வரும்.

உடலுக்குள்ளை இருந்த கண்ணாடி இல்லாமல் போனதாலை லென்ஸுக்கும் சென்சருக்கும் இடையிலை இருக்கிற தூரம் குறைஞ்சுது. கனன் இஎஃப் 44 மி.மீ., பழைய நிக்கோன் எஃப் 46.5. இப்ப சோனி ஈ 18, கனன் ஆர்எஃப் 20, பனசோனிக் பாவிக்கிற எல் மவுண்ட் 20, நிக்கோன் இசட் 16. மிஞ்சின இடைவெளிதான் மிரர்லெஸ்ஸின்ரை உண்மையான சொத்து. அதுக்குள்ளை அடாப்டர் போகும், அடாப்டருக்குள்ளை ஃபில்டரும் போகும்.

கனன்காரருக்கு இதாலை பெரிய லாபம் இருக்கு. இஎஃப் லென்ஸை ஆர்எஃப் உடலிலை போடுற அடாப்டரிலை, மாறும் என்டி ஃபில்டரை (வெளிச்சம் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி) பக்கவாட்டாலை செருகுற வகை ஒண்டு இருக்கு. ஒண்டரையிலை இருந்து ஒன்பது ஸ்ரொப் வரை (ஒரு ஸ்ரொப் குறைச்சால் வெளிச்சம் பாதி) ஒரு சக்கரத்தாலை திருப்பலாம். லென்ஸின்ரை முன் விட்டம் 58ஓ 82ஓ, கவலை இல்லை. பழைய இஎஃப் 24-105, 70-200 வைச்சிருக்கிற ஸ்ரூடியோக்கள் இதை யோசிக்க வேணும். ஆனால் ஆர்எஃப் லென்ஸோடை இது வேலை செய்யாது, இடைவெளி இல்லை. அதோடை கனன் ஆர்6 மார்க் 2இலை எச்டிஎம்ஐ சின்ன ரகம். துளை ஆறு மில்லிமீற்றர் அகலம்தான் வரும், வயர் ஆடினால் பலகையோடை பிரியும். உடலைச் சுத்திப் பூட்டுற உலோகக் கூடு போட்டு வயரைக் கிளிப்பாலை இறுக்காமல் அதை வேலைக்குக் கொண்டு போகக் கூடாது.

பழைய கையாலை திருப்புற நிக்கோன் லென்ஸ் வீட்டிலை கிடந்தால் எறியாதேங்கோ. ஃபோகஸ் வளையம் இரண்டு முனையிலும் இறுகி நிக்கும், தூரக் குறி அச்சடிச்சிருக்கு. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும். ஈ மவுண்டுக்கு அடாப்டர் தடிப்பு 46.5இலை 18ஐக் கழிச்சு 28.5 மி.மீ. இருக்க வேணும். மலிவு அடாப்டர் வேணுமெண்டே கொஞ்சம் மெல்லிசாகச் செய்யிறாங்கள், முடிவிலியைத் தாண்டித் திரும்பட்டும் எண்டு. 50 மி.மீ. லென்ஸிலை பிரச்சினை இல்லை. 20, 24 எண்ட அகல லென்ஸிலை தூரக் குறியும் பிழைக்கும், ஓரமும் மங்கும்.

இணுவில் தவில்

ஒலி பற்றிச் சுருக்கமா.

பக்கவாட்டிலை விரியிற திரையும் மைக் துளையும் ஒரே பக்கம் எண்டால், செருகி நேராக நிக்கிற வயர் திரையைத் திருப்ப விடாது. 90 பாகை வளைஞ்ச செருகி வாங்குங்கோ. திரையை முதலிலை வெளியிலை இழுத்துப் பிறகு விரிக்கிற அமைப்பு பனசோனிக் எஸ்1எச், ஜிஎச்6இலை இருக்கு. எஸ்5 மார்க் 2இலை இல்லை.

கெட்டிமேளம் எழும்பேக்கை நாதஸ்வரமும் தவிலும் ஐயற்றை மந்திரத்தைவிட எத்தினையோ மடங்கு சத்தம். தானியங்கி அளவு போட்டால் மேளம் நிண்டாப்பிறகு ஐயற்றை குரல் சில செக்கன் அமுங்கிக் கிடக்கும். கை அளவு போடுங்கோ. வயர்லெஸ் வாங்கியின்ரை வெளியீட்டைக் கூட்டி, சோனியிலை கமரா அளவை 31இலை 3, 4க்கு இறக்குங்கோ. கமராவின்ரை உள் இரைச்சல் கேக்காது. மேளக்காரர் சுருதி சேர்க்கேக்கையே ஒருக்கால் பலமாக வாசிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபலிலை நிக்கிற மாதிரி வையுங்கோ. 32 பிட் மிதவைப் பதிவு (சத்தம் கூடினாலும் பிறகு குறைக்கக்கூடிய முறை) இருக்கு எண்டு தைரியமாய் மைக்கைத் தவிலுக்குப் பக்கத்திலை வைக்கிறது பிழை. மைக்கே தாங்காமல் உடைஞ்ச ஒலியை எந்தப் பதிவும் திருத்தாது.

வட்டுக்கோட்டைக் கண்

என்டி கணக்கை எழுதிவிடுறன், லென்ஸ் தெரிவே இதிலை தங்கியிருக்கு.

உச்சி வெயிலிலை ஐஎஸ்ஓ (சென்சர் உணர்திறன்) 100, ஷட்டர் 1/100, எஃப் 16 (லென்ஸ் துளை, எண் கூடினால் துளை சின்னன்) சரியான வெளிச்சம். சோனி லோக்கிலை அடி ஐஎஸ்ஓ 800. 800க்கு 1/800, எஃப் 16. ஆனால் 25பிக்கு எங்களுக்கு 1/50 வேணும், அது நாலு ஸ்ரொப் கூட. அப்ப எஃப் 64 வரும், அப்பிடி ஒரு துளை எங்கட லென்ஸிலை இல்லை. 64, 45, 32, 22, 16, 11, 8, 5.6, 4, 2.8 எண்டு எண்ணிப் பாருங்கோ. எஃப் 2.8க்கு வர ஒன்பது ஸ்ரொப் குறைக்க வேணும். எஃப் 5.6 எண்டால் ஏழு.

கடையிலை கிடைக்கிற மாறும் என்டி பெரும்பாலும் இரண்டிலை இருந்து ஐந்து ஸ்ரொப். காணாது. ஆறிலை இருந்து ஒன்பது எண்டு தனியாக ஒண்டு வாங்க வேணும், இல்லாட்டி என்டி64 நிலையான ஃபில்டரோடை அதைச் சேர்க்க வேணும். இரண்டு கண்ணாடி சேர்த்தால் 24 மி.மீ.க்குக் கீழை மூலை கறுக்கும். அதாலை லென்ஸ் 67 எண்டாலும் ஃபில்டரை 82இலை வாங்கி, விட்டம் கூட்டுற வளையம் போடுங்கோ. லென்ஸ் எத்தினை மாறினாலும் ஃபில்டர் ஒண்டு காணும். குறை என்னெண்டால் வளையம் போட்டால் லென்ஸோடை வந்த வெயில் மறைப்பு பொருந்தாது.

மாறும் என்டி எண்டது இரண்டு துருவக் கண்ணாடி. எல்லையைத் தாண்டித் திருப்பினால் வானத்திலை பெருக்கல் குறி மாதிரி கறுப்பு விழும். முகத்து எண்ணெய் மினுக்கமும் பட்டுச் சேலை மினுக்கமும் திருப்பத் திருப்ப மாறும். ஒரே காட்சிக்கு இடையிலை திருப்பாதேங்கோ.

பலமான மலிவு என்டியிலை அகச்சிவப்பு கசியும். கறுப்பு நைலோன் கோட் மண்ணிறமாய், செந்தவிட்டு நிறமாய் வந்தால் காரணம் அதுதான், வெள்ளைச் சமநிலை இல்லை. வாங்க முதல் கறுப்புத் துணி ஒண்டை வெயிலிலை எடுத்துப் பாருங்கோ.

கொக்குவில் 25பி

அப்ப லென்ஸ்? ஸூமோ, ஸூம் ஆகாத நிலை லென்ஸோ? எஃப் 2.8 ஸூம் ஒண்டோடை முடிக்கலாமோ?

குருநகர் கடற்காற்று

நிழற்படத்துக்கு நல்ல லென்ஸ் வீடியோவுக்கு நல்ல லென்ஸாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பாக்க வேண்டிய நாலு குணம் சொல்லுறன்.

மூச்சு. ஃபோகஸ் முன்னிருந்து பின் போகேக்கை படம் பெரிசாகிச் சிறுக்கிறது. பொம்பிளையிலை இருந்து தோழிக்கு ஃபோகஸ் மாத்தினால் சட்டத்தின்ரை ஓரத்திலை நிக்கிற குத்துவிளக்கு உள்ளுக்கும் வெளியுக்கும் நகரும். ஏ7 மார்க் 4இலை இதை ஈடுசெய்யிற வசதி வந்தது, ஆனால் சோனியின்ரை சில லென்ஸுக்கு மட்டும், படத்தையும் கொஞ்சம் வெட்டும். சிக்மா, டம்ரோனுக்கு இல்லை.

ஸூம் செய்யேக்கை ஃபோகஸ் நிக்கிறது. நிழற்பட ஸூம் பெரும்பாலும் நிக்காது. தானியங்கி ஃபோகஸ் ஓடிப்போய்த் திருத்தும், அந்த ஓட்டம் படத்திலை தெரியும். கை ஃபோகஸிலை எண்டால் கிட்டப் போய்க் கூர்மையாக்கிப்போட்டு வெளியிலை வாற பழைய பழக்கம் இதிலை உதவாது. எந்த அளவிலை எடுக்கிறியளோ அந்த அளவிலைதான் ஃபோகஸ் பார்க்க வேணும்.

வளையம். இப்பத்தைய லென்ஸிலை பெரும்பாலும் ஃபோகஸ் வளையம் உள்ளுக்கை கண்ணாடியை நேரே நகர்த்திறேல்லை, மின்சமிக்ஞைதான் அனுப்புது. கெதியாத் திருப்பினால் கனக்கப் போகும், மெதுவாத் திருப்பினால் கொஞ்சம் போகும். வளையத்திலை குறி போட்டு வைச்சாலும் பிரயோசனம் இல்லை. பனசோனிக்கிலை இதை நேர்விகிதமாக்கி, முழுத்தூரத்துக்கு எத்தினை பாகை எண்டும் மெனுவிலை தெரிவு செய்யலாம். கையாலை ஃபோகஸ் இழுக்கிற ஆளுக்கு இந்த ஒரு வசதியே எஸ்5 மார்க் 2 எடுக்கக் காணும்.

நீளம். ஸூம் செய்யேக்கை குழல் வெளியிலை வந்தால் கிம்பல் சமநிலை போகும். மோட்டர் தாங்கும்தான், ஆனால் நடுங்கும், பற்றரியும் குடிக்கும். சோனி 16-35 எஃப் 4 மின்ஸூம் 353 கிராம், நீளம் மாறாது. சிக்மா 28-45 எஃப் 1.8உம் நீளம் மாறாது, ஆனால் ஒரு கிலோவுக்குக் கிட்ட.

திருநெல்வேலிச் சந்தி

கிம்பலுக்கு எண்டால் பனசோனிக் எஃப் 1.8 வரிசையைச் சொல்லாமல் விடக்கூடாது, சோனிக்காரன் நான் சொன்னாலும். 18, 24, 35, 50, 85 ஐந்தும் ஒரே நீளம், 82 மி.மீ. எடை 295இலை இருந்து 355 கிராமுக்குள்ளை. ஃபில்டர் எல்லாம் 67. 24ஐக் கழட்டி 85 போட்டால் கிம்பலைத் திரும்பச் சமநிலைப்படுத்தத் தேவையில்லை, தட்டைக் கொஞ்சமும் நகர்த்தாமல் ஓடும். லென்ஸ் வடிவமைச்ச ஆக்கள் கிம்பலைக் கையிலை பிடிச்சுப் பாத்து வடிவமைச்சிருக்கினம்.

ஆனால் மணவறைக்கு நிலை லென்ஸ் பிழை. ஐயர் திடீரெண்டு அம்மி மிதிக்கக் கூப்பிடுவார், பின்னுக்குப் போக இடமில்லை, சுத்திவரச் சனம். அங்கை 24-105 எஃப் 4 தான். எஃப் 2.8 ஸூம் பெரும்பாலும் 70இலை முடியும், தாலி முடிச்சைக் கிட்டக் காட்ட 105 வேணும். ஒரு ஸ்ரொப்பை ஐஎஸ்ஓவாலை ஈடுகட்டலாம், இல்லாத குவியத் தூரத்தை எதாலையும் ஈடுகட்ட ஏலாது.

ஏழாலை எடிட்டர்

இதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். எஃப் 1.8இல் எடுத்த தாலிகட்டில் மாப்பிள்ளையின் விரல் தெளிவு, பொம்பிளையின் முகம் மங்கல். குடும்பத்துக்கு இரண்டும் வேண்டும். எஃப் 4, 5.6இல் எடுங்கள்.

ஓமப் புகை எழும்பும்போது தானியங்கி ஃபோகஸ் புகையைப் பிடித்து முன்னும் பின்னும் ஓடும். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கை ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். மிச்ச நேரத்தில் சோனி என்றால் ஃபோகஸ் மாறும் வேகத்தை 7இல் 4க்கும், ஆள் மாற்றும் உணர்திறனை 5இல் 2க்கும் வையுங்கள். ஐயர் குறுக்கே கை நீட்டியதும் ஃபோகஸ் அவர் கைக்குத் தாவாது.

இணுவில் தவில்

கறண்ட் போய் ஜெனரேற்றர் ஓடுற மண்டபத்திலை படத்திலை பட்டை மெதுவாய் ஏறி இறங்குது. ஷட்டர் 1/50 தான். என்ன காரணம்?

வட்டுக்கோட்டைக் கண்

எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு செக்கனுக்கு 100 தரம் துடிக்கும். 1/50 எண்டால் சரியாய் இரண்டு துடிப்பு, 1/100 எண்டால் ஒண்டு. அதாலை பட்டை வராது. சுமை ஏறினால் ஜெனரேற்றர் 48க்கு இறங்கும். அப்ப 1/50 இரண்டு துடிப்புக்குக் கொஞ்சம் குறைவு, பட்டை நகரும். ஷட்டரைத் தசமத்திலை மாத்துற வசதி இருந்தால் 1/48க்குக் கொண்டு வாங்கோ, நிக்கும். பனசோனிக்கிலை சிங்க்ரோ ஸ்கான் எண்டு இருக்கும், ஏ7 மார்க் 4இலும் மாறும் ஷட்டர் இருக்கு. திரையைப் பாத்துப் பாத்து ஒரு படி ஒரு படியாய் நகர்த்துங்கோ. எல்ஈடி பார் விளக்குகள் வேற கதை. வெளிச்சம் குறைக்க வேகமாய் அணைஞ்சு எரியும், மெல்லிய கோடு நிறைய வரும். அதுக்கும் அதே வழிதான், இல்லாட்டி விளக்குக்காரரிட்டை 100 வீதத்திலை விடச் சொல்லுங்கோ. முழுப் பிரகாசத்திலை பெரும்பாலும் துடிப்பு இல்லை.

சோனி எண்டால் பிஏஎல்லிலை (50 ஹேர்ட்ஸ் நாடுகளின்ரை வீடியோ முறை) இருக்கோ எண்டு முதல் நாளே பாருங்கோ. என்டிஎஸ்சியிலை (60 ஹேர்ட்ஸ் முறை) இருந்தால் 25பி காட்டாது. சில உடலிலை மாத்தினால் கார்டைத் திரும்ப ஃபோர்மட் செய்யச் சொல்லும்.

குருநகர் கடற்காற்று

வாங்கினாப்பிறகு காப்பாத்திறதும் இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்ளை தோல் பையிலை லென்ஸை மூடி வைச்சால் பூஞ்சணம் பிடிக்கும். காத்துப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளுக்கை ஈரப்பத மானி, சிலிக்கா ஜெல். 45இலை இருந்து 50 வீதம் நல்லம். 60க்கு மேலை போக விடாதேங்கோ. 30க்குக் கீழையும் வேண்டாம், மசகு காயும். ஜெல் நிறம் மாறினால் 120 பாகை அவணிலை இரண்டு மணித்தியாலம்.

ஏசி மண்டபத்திலை இருந்து வெளியிலை வந்தவுடனை லென்ஸ் வேர்க்கும். உள்ளுக்கை வைச்சே கமராவைப் பொலித்தீன் பைக்குள்ளை இறுக்கி, வெளியிலை அரை மணித்தியாலம் விட்டு எடுங்கோ. அந்த நேரத்திலை லென்ஸ் கழட்டினால் ஈரம் சென்சரிலையே படும்.

காரைநகர்க் கடற்கரையிலை எடுத்தால், முதலிலை ஊதி மணலை எடுத்து, பிறகு பிழிஞ்ச ஈரத்துணியாலை உடலைத் துடைக்க வேணும். காய்ஞ்ச துணியாலை உப்பைத் தேய்க்கிறது உரைதாளாலை தேய்க்கிறதுதான். கோயில் வாசலிலை சிதறு தேங்காய் உடைக்கிற இடத்திலை முன் கண்ணாடிக்குப் பாதுகாப்பு ஃபில்டர் கட்டாயம். இளநீர்த் துளி காய்ஞ்சால் சீனிப்பாகு மாதிரி ஒட்டும், காய முதல் ஈரத்துணியாலை எடுங்கோ.

கொக்குவில் 25பி

முடிவுக்குக் கிட்ட வந்திட்டன். எஸ்5 மார்க் 2, 24-105 எஃப் 4, கிம்பலுக்கு 35 எஃப் 1.8. ஃபில்டர் 82, இரண்டு வளையம்: 77இலை இருந்து 82, 67இலை இருந்து 82. இரண்டாவது உடல் அடுத்த வருசம். கார்ட் எவ்வளவு வேணும்?

ஏழாலை எடிட்டர்

செக்கனுக்கு 100 மெகாபிட் என்றால் மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. 150 என்றால் 67.5. மூன்று மணித்தியாலத்துக்கு 150இல் 203 ஜிபி வரும். 256 ஜிபி கார்ட் இரண்டு வாங்கி, இரண்டு துளையிலும் ஒரே நேரத்தில் பதிய விடுங்கள். ஒன்று நிரம்பினால் மற்றதுக்குத் தாவும் முறையை மணவறையில் போடாதீர்கள். கார்டில் எழுதும் வேகத்தைக் குறிக்கும் வி30 வகை இதற்குப் போதும். எல்லாச் சட்டத்தையும் தனித்தனியாகப் பதியும் 400 மெகாபிட் முறைக்கு வி60 வேண்டும்.

வட்டுக்கோட்டைக் கண்

தம்பி, காசு குடுக்க முதல் கடையிலை நிண்டு இதைச் செய்யுங்கோ. 24-105ஐப் போட்டு, 105இலை கடைச் சுவரிலை இருக்கிற எழுத்துக்கு ஃபோகஸ் வைச்சு, கை ஃபோகஸுக்கு மாத்தி, 24க்கு வாங்கோ. எழுத்து எவ்வளவு மங்குது எண்டு பதிவு செய்து பெரிசாக்கிப் பாருங்கோ. பிறகு ஸூம் வளையத்தை மிக மெதுவாகத் திருப்பிப் பாருங்கோ, நடுவிலை எங்கையாவது இறுகினால் அந்த லென்ஸை விட்டிட்டு அதே பெட்டியிலை இருந்து அடுத்ததைக் கேளுங்கோ. லென்ஸைக் கீழ் நோக்கிப் பிடியுங்கோ, குழல் தானாக இறங்கினால் கிம்பலிலை பாவிக்க ஏலாது. எச்டிஎம்ஐ வயரைச் செருகி, திரையை விரிச்சு முழுக்கத் திருப்புங்கோ. கடைசியாக 4கே 25பி, 10 பிட் பதிவைப் போட்டு மேசையிலை வைச்சிட்டு, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. விசிறிச் சத்தம் கேக்குதோ எண்டு உள் மைக் பதிவை ஹெட்போனிலை கேட்டுப்போட்டு பில் போடச் சொல்லுங்கோ.